கூரையில் மண்புழு

அத்தியாயம் 4

"இந்தப் பேய்க்கு ஒரு நல்ல குணம் இருக்குங்க மேடம். மழை பெய்ஞ்சாத்தான் டூட்டிக்கு வருது. வெயிலடிச்சா லீவு" என்றான் யுவராஜ், காற்றில் திமிறிய குடையை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி.

நாகலட்சுமி காதில் அது விழவில்லை. ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது கல். பக்கத்தில், விடுதிப் பிள்ளைகள் துணி துவைக்கும் சிமெண்டுத் தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. காலையில் பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டு அறையில் உப்புமாவுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், மடார் என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தவர்கள் உடைந்த தொட்டியையும் கல்லையும் பார்த்தார்கள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் உப்புமாவுக்குத் திரும்பவில்லை.

நாகலட்சுமி ஒரு காலத்தில் சப்-இன்ஸ்பெக்டர். இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கீழே நாள் முழுக்கத் தகரம் அடிக்கும் சத்தம். அந்தச் சத்தத்தைத் தாண்டி வாயைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் யுவராஜை வேலைக்குச் சேர்த்தாள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

"பாருங்க, இப்படி ஆயிப்போச்சு." தலைமை ஆசிரியை கலைமணி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கையிலிருந்த சாவிக்கொத்து ஓயாமல் குலுங்கியது. "முதல்ல தரைக்கு அடியில இருந்து டொக்கு டொக்குனு தட்டுற சத்தம். அப்புறம், யாரும் பத்த வைக்காத கணப்படுப்புல இருந்து ரூம் பூராப் புகை. இன்னிக்குக் கல்லு. பாதிப் பிள்ளைகளை அப்பா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு மேல ஒண்ணு நடந்தா பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதானுங்க."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்னங்க, எனக்கு உறுதியாவே தெரியும். கோகுல்நாத். அருவிக்குப் போற ரோட்டுல ரிசார்ட் வெச்சிருக்காரு. இந்தக் கட்டடத்தைக் குடுங்க, வெள்ளைக்காரங்க காலத்து பங்களான்னு போர்டு போட்டா டூரிஸ்டு குவிவாங்கன்னு நாலு தடவை வந்து கேட்டுட்டாரு."

நாகலட்சுமி நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தாள்.

அந்த மலையில் அப்படியொரு கட்டடம் இருப்பதே கொஞ்சம் விநோதம்தான். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவில், கறுத்த கருங்கல்லில், பனிநாட்டுக்காக யாரோ தைத்த கம்பளிக்கோட்டு போல நின்றது. செங்குத்தான கூரை. வரிசையாகப் புகைபோக்கிகள். இரண்டு பக்கமும் முக்கோணமாக உயரும் சுவர்களின் விளிம்பு நேராக ஏறாமல் படிப்படியாக ஏறியது. கிழக்குக் கோடி மூலையில், தலையில் கூம்புத் தொப்பி வைத்த ஒரு உருண்டைக் கோபுரம்.

"அந்தப் படிக்குப் பேரு காக்காப் படிங்க" என்றார் கலைமணி. பதற்றத்திலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "ஸ்காட்லாந்துல அப்படித்தான் கட்டுவாங்களாம். இதைக் கட்டின இசபெல் துரைசானி, தான் படிச்ச பெண்கள் பள்ளிக்கூடத்தை அப்படியே இங்க கட்டணும்னு வரைபடத்தோட வந்தாங்களாம். கல்லெல்லாம் இந்த மலைக் கல்லு. அதுலருந்துதான் இன்னிக்கு ஒண்ணு பெயர்ந்து விழுந்திருக்கு."

"பெயரலை."

"என்னங்க?"

"இந்தப் பக்கம் ரெண்டு சரிவையும் பார்த்துட்டேன். எல்லாப் படியும் இருக்கு. பல்லு விழுந்த மாதிரி எங்கேயும் ஓட்டை இல்லை. அப்படின்னா இந்தக் கல் எங்கிருந்து வந்துச்சு?"

"ஸ்டெப்னியா ஒண்ணு எக்ஸ்ட்ரா வெச்சிருந்திருப்பாங்க" என்றான் யுவராஜ்.

நாகலட்சுமி ஒரு கடப்பாரையைக் கேட்டு வாங்கி, கல்லை மெல்லப் புரட்டினாள். மேல்பக்கம் மழையில் கழுவிக் கிடந்த கல்லின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. மண்ணில் வெள்ளை நூல் போலச் சல்லி வேர்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு மண்புழு, தன்னை ஏன் எழுப்பினீர்கள் என்பது போல நெளிந்தது.

"யுவராஜ், மண்புழு எத்தனை மாடி ஏறும்?"

யுவராஜ் குனிந்து பார்த்தான். "லிஃப்ட் வெச்சுக் குடுத்தாலும் ஏறாதுங்க."

"இது கூரைக் கல் இல்லை. தரைக்கு அடியில இருந்த கல். அஸ்திவாரக் கல். யாரோ எடுத்துட்டு வந்து இங்க போட்டுட்டு, தொட்டியைச் சம்மட்டியால உடைச்சிருக்காங்க. அதுவும் பிள்ளைங்க ஒருத்தர்கூட இங்க இல்லாத நேரமாப் பார்த்து."

கலைமணியின் சாவிக்கொத்து ஒரு நொடி நின்று, மறுபடி குலுங்கத் தொடங்கியது.

* * *

அலுவலக அறைக்குள் இன்னும் குளிராக இருந்தது. ஒரு பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். பதினாறு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை.

"நீ ஊருக்குப் போகலையா கண்ணு?" என்றாள் நாகலட்சுமி.

"இல்லீங்க. எங்கூட்டுல இருந்து வந்தாங்க. நான் போகலை." டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். "பேய் இருந்தாப் பரவால்லீங்க. போனாக் கட்டி வெச்சிருவாங்க."

அவள் போனதும் கலைமணி குரலைத் தாழ்த்தினார். "கோகிலா. பதினொண்ணாவது. கணக்குல புலி. மாப்பிள்ளை பார்த்து வெச்சுட்டுக் காத்துட்டிருக்காங்க. பள்ளிக்கூடம் மூடினா இவளை மாதிரி எத்தனை பேருன்னு நினைக்கிறீங்க? இந்த மலையில திண்ணனூர் நாட்டுல இருந்து, திருப்புலி நாட்டுல இருந்து, பஸ்ஸே போகாத ஊர்ல இருந்தெல்லாம் வந்து தங்கிப் படிக்கிறாங்க. மலையை விட்டுக் கீழ போய்ப் படிக்க எந்த ஊட்டுல அனுப்புவாங்க?"

நாகலட்சுமியின் கண் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் மேல் இருந்தது. இதே கட்டடம். அதே காக்காப் படி, அதே புகைபோக்கிகள், அதே உருண்டைக் கோபுரம். ஆனால் பின்னால் மலை இல்லை. முன்னால் பாவாடை சட்டையும் தொப்பியுமாக வெள்ளைக்காரச் சிறுமிகள்.

"அசல் இதுதானுங்க. ஸ்காட்லாந்துல இருக்குற பள்ளிக்கூடம்" என்றார் கலைமணி.

"இந்தக் கோபுரத்துல ஜன்னல் எல்லாம் சாய்வா ஏறுது பாருங்க. உள்ள சுழல் படி இருக்கா?"

"இருக்குங்க. இங்கயும் இருக்கு. கீழ தொடப்பம் வாளி போட்டு வெச்சிருக்கோம். மேல பிள்ளைங்க ரூமுக்குள்ள வர்ற கதவைப் பலகை அடிச்சு, முன்னால பீரோவை வெச்சாச்சு."

"சுவரோட அடியில ஒரு குட்டைக் கதவு இருக்கே, பக்கத்துல கறுப்பா என்னமோ குவிஞ்சு கிடக்கு?"

"அது நிலக்கரி ரூமாம். அங்க குளிருக்கு நிலக்கரி எரிப்பாங்கல்ல."

"இங்கேயும் அந்த ரூம் உண்டா?"

கலைமணி யோசித்தார். "அப்படியே கட்டினாங்கன்னா இருக்கணும். நான் பார்த்ததில்லைங்க. இங்க ஏது நிலக்கரி?"

நாகலட்சுமி படத்தை விட்டு நகரவில்லை. விரலால் கட்டடத்தின் அடிக்கோட்டைத் தடவினாள். அந்த ஊரில் தரை பாய் விரித்தது போலச் சமமாக இருந்தது. இங்கே கிழக்குப் பகுதி முழுவதும் சரிவில் தொங்குகிறது. வரைபடத்தில் ஒரு அங்குலம்கூட மாற்ற மனசு வராத துரைசானி, நிலம் போதாத இடத்தில் வளைவுத் தூண்களை எழுப்பி, அதன் மேல் மிச்சக் கட்டடத்தை ஏற்றியிருக்க வேண்டும். அப்படியென்றால் பிள்ளைகள் தூங்கும் அறைகளுக்கு அடியில் தரை இல்லை. இருட்டுதான் இருக்கிறது.

"தட்டுற சத்தம், புகை, கல் எல்லாமே இந்தக் கிழக்குப் பகுதியிலதானே? மேற்குப் பக்கம் ஒண்ணுமே நடக்கலையா?"

"இல்லீங்க."

"எல்லாமே மழை நாள்ல?"

"ஆமாங்க. நல்லவேளை, மழை புடிச்சா எந்தம்பி வந்துருவான். இளங்கோன்னு பேரு. சேலத்துல எஞ்சினியர். அக்கா தனியா இருப்பாளேன்னு பைக்கை எடுத்துட்டு வந்துருவான். இந்தக் கட்டடத்தை மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்து, நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்ததே அவன்தானுங்க. அது இல்லைன்னா இந்த வருசம் விடுதிக்கு லைசென்சே கிடைச்சிருக்காது. நேத்தும் வந்தான். எங்கூட்டுலதான் தூங்குறான்."

நாகலட்சுமி டீயைக் குடிக்காமலேயே எழுந்தாள்.

* * *

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கிழக்குச் சுவரை ஒட்டிச் சரிவில் இறங்கும்போது யுவராஜுக்குச் செருப்பு வழுக்கியது. மூலையிலிருந்த உருண்டைக் கோபுரம் மட்டும் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தது.

"மேடம், கோகுல்நாத்தைப் போய்ப் பார்க்கலாமுங்க. ரிசார்ட்டுன்னா பஜ்ஜியாவது குடுப்பாங்க."

"கோகுல்நாத்துக்குக் கட்டடம் முழுசா வேணும். அஸ்திவாரக் கல்லைப் பிடுங்குவாரா? ஆளுங்களை விரட்டணும்னா மேற்குப் பக்கத்தை ஏன் விட்டுவைக்கணும்?"

"அப்போ யாருங்க?"

நாகலட்சுமி உண்ணிச்செடிப் புதரை விலக்கினாள். கிளைகள் ஏற்கெனவே வெட்டி, மறைப்புக்காகத் திரும்பச் சாத்தப்பட்டிருந்தன. பின்னால் ஒரு குட்டை இரும்புக் கதவு. படத்தில் இருந்த அதே கதவு. கீலில் புது எண்ணெய் மின்னியது.

உள்ளேயிருந்து கேட்டது.

டொக். டொக். டொக்.

யுவராஜ் குடையை மடக்கிக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டான். "பேய்க்கு ஓவர்டைம் போலிருக்குங்க" என்றான். இந்தத் தடவை குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

நாகலட்சுமி கதவைத் தள்ளினாள்.

ஈர மண்ணும் கரிப்புகையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. டார்ச் வெளிச்சம் முதலில் பட்டது ஒரு மரக்கட்டையில். அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. பச்சை வாடை போகாத சில்வர் ஓக் தடிகள், தரைக்கும் மேலேயிருந்த கல்வளைவுக்கும் நடுவில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஆப்பு அறைந்திருந்தது. நடுவிலிருந்த பெரிய தூணில், கை நுழையும் அகலத்துக்கு ஒரு விரிசல் மின்னல் போல ஓடியது. விரிசலின் குறுக்கே சிறு சிறு கண்ணாடிப் பட்டைகளை யாரோ வரிசையாக ஒட்டியிருந்தார்கள். தூணின் அடியில் மண் அரித்துப்போய், மழைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யுவராஜ், இடிக்க வர்றவன் முட்டுக் கொடுப்பானா?"

"யாரு அங்க?" தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு உருவம் எழுந்தது. கையில் சம்மட்டி. தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். முப்பத்தைந்து வயதுக்காரன். கண்கள் தூங்கிப் பல நாளானவை.

"அக்கா வீட்டுல தூங்கலையா இளங்கோ?" என்றாள் நாகலட்சுமி.

சம்மட்டி தானாகக் கீழே இறங்கியது.

"நீங்க அக்கா கூப்பிட்ட டிடெக்டிவா?" அவன் குரல் கெஞ்சியது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு அப்புறம் சொல்லுங்க. முதல்ல வெளிய போங்க. இங்க நிக்காதீங்க."

"இந்தக் கண்ணாடியை ஒட்டிப் பார்க்கிறது எஞ்சினியர் வேலை. விரிசல் வளர்ந்தா கண்ணாடி உடையும், இல்லையா? மழை பேய்ஞ்சா அடிமண் கரையுது. அதனாலதான் மழை நாள்ல முட்டு அடிக்க ஓடி வர்றே. இங்கிருந்து புகைபோக்கி வழியாப் புகை போட்டதும் நீதான். மேல இருக்குற பிள்ளைங்களைக் கிளப்பணும்னு. எதுவும் பலிக்கலை. அதனால இன்னிக்குக் கழண்டு கிடந்த அஸ்திவாரக் கல்லையே கொண்டுபோய் வெளிய போட்டே."

"யாராவது அதைப் புரட்டிப் பார்ப்பாங்கன்னு நினைச்சேனுங்க. எல்லாரும் மேலயே பார்த்தாங்க."

"வாயால சொல்லியிருக்கலாமே?" என்றான் யுவராஜ். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இளங்கோ சுவரில் சாய்ந்தான். "கோடையில நான் வந்து பார்த்தப்பவே தூண்ல கீறல் இருந்துச்சு. அக்காகிட்ட சொன்னேன். சின்னக் கீறல்தானே, அரையாண்டுப் பரீட்சை முடியட்டும், லீவுல சரி பண்ணிக்கலாம், நீ எழுதிக் குடுன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த ஐப்பசி மழையில இவ்வளவு பெரிசாகும்னு நினைக்கலைங்க. இப்போ போய், கட்டடம் விழுந்துரும்னு சொன்னா, அன்னிக்கு எழுதினது என்ன? என் எஞ்சினியர் லைசென்சு போகும், ஜெயிலுக்குப் போகணும். அக்கா வேலையும் போயிரும். நானே எப்படியாவது முட்டுக் கொடுத்து நிறுத்திரலாம்னு..."

டிக்.

மிகச் சின்னச் சத்தம். நகம் வெட்டுவது போல. ஆனால் மூன்று பேரும் திரும்பினார்கள். நடுத்தூணில் ஒரு கண்ணாடிப் பட்டை குறுக்கே பிளந்திருந்தது.

டிக். அதற்கு மேலிருந்த பட்டை.

"எவ்வளவு நேரம்?" என்றாள் நாகலட்சுமி.

"தெரியலைங்க." இளங்கோவின் உதடு வெளுத்துவிட்டது. "நிசமாத் தெரியலைங்க."

* * *

மூன்று பேரும் சேறும் சகதியுமாக ஓடி வருவதைத் தாழ்வாரத்திலிருந்து கலைமணி பார்த்தார். தம்பியின் தலையிலிருந்த சுண்ணாம்பையும் கையிலிருந்த சம்மட்டியையும் பார்த்தார்.

"நீயாடா?"

"அக்கா, மணி அடிங்க. அப்புறம் திட்டுங்க."

"சின்னக் கீறல்னுதானே சொன்னே..."

"அக்கா, மணி!"

கலைமணி ஓடினார். சேலைத் தலைப்பு தரையில் புரள, தாழ்வாரத்துக் கோடியிலிருந்த மணிக்கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம். தலை காயவைத்துக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் இருந்த பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினார்கள். நாகலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் சிணுங்கல் நின்றது. விடுதிப் பொறுப்பாளர் பொன்னாயி, மழையிலேயே அவர்களை மைதானத்துக் கோடிக்கு விரட்டி வரிசையாக நிறுத்தித் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"டீச்சர், கோகிலாவைக் காணமுங்க!"

"அவ வர மாட்டேன்னுட்டா" என்றாள் வரிசையிலிருந்த ஒரு குட்டிப் பெண். "பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க, எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பத்தான் மணி அடிக்கிறாங்கன்னு சொல்லிட்டு, உள்ள தாப்பாப் போட்டுக்கிச்சு."

கலைமணி திரும்பி மாடிப்படியை நோக்கி ஓடினார். பின்னாலேயே நாகலட்சுமியும் யுவராஜும்.

மாடியில், கிழக்குக் கோடி அறையின் கனத்த தேக்குக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு கோடு ஓடியிருந்ததை நாகலட்சுமி பார்த்தாள்.

"கோகிலா, கதவைத் தொற சாமி. கட்டடம் விழப்போகுது."

"பொய் சொல்றீங்க டீச்சர்." உள்ளே அழுகைக் குரல். "நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கியாச்சுன்னு நீங்கதானே பிரேயர்ல சொன்னீங்க!"

கலைமணி கதவில் நெற்றியை வைத்தார். சாவிக்கொத்து எப்போதோ எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"அன்னிக்குச் சொன்னதுதான் கண்ணு பொய்யி. விரிசல் இருந்துச்சு. நான்தான் தம்பியை எழுதச் சொன்னேன். உங்களையெல்லாம் ஊட்டுக்கு அனுப்பிடக் கூடாதுன்னு சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன். இப்ப சொல்றது நெசம். வா. உன்னை யாரும் அனுப்ப மாட்டாங்க. எங்கூட்டுல இருந்து படி. நீ வராம நானும் இங்கிருந்து நகர மாட்டேன்."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு அசைந்தது, திறக்கவில்லை.

"டீச்சர், இழுத்தா வரலை!"

யுவராஜ் தோளைக் கொடுத்து இடித்தான். அசையவில்லை. சுவர் இறங்கி, நிலை கோணி, கதவை இடுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. காலடியில் தரை ஒருமுறை உறுமியது.

நாகலட்சுமிக்குப் படத்தில் சாய்வாக ஏறிய அந்தச் சின்ன ஜன்னல்கள் கண்முன் வந்தன.

"கோபுரம்! அது பாறை மேல நிக்குது, தூண் மேல இல்லை. யுவராஜ், கீழ போய் தொடப்ப ரூம் வழியா ஏறு. மேல பலகை அடிச்ச கதவு. கோகிலா, மூலையில இருக்குற பீரோவைத் தள்ளு! முடிஞ்ச மட்டும் தள்ளு!"

யுவராஜ் பேசாமல் ஓடினான். அவன் பேசாமல் ஓடியதை நாகலட்சுமி அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே பீரோ கிறீச்சிட்டது. கூரையிலிருந்து ஓடுகள் சறுக்கி விழும் சத்தம். கலைமணி கதவோடு ஒட்டி நின்று, "தள்ளு சாமி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கிருந்தோ பலகை பிளக்கும் ஒலி, ஒரு உதை, இன்னொரு உதை. பிறகு யுவராஜின் குரல்: "புடிச்சுட்டேன்! பாப்பாவைப் புடிச்சுட்டேனுங்க!"

நாகலட்சுமி கலைமணியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இருவரும் மைதானத்துச் சேற்றில் கால் வைத்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய மிருகம் ஒன்று முழங்கால் மடித்து உட்காருவது மாதிரி, நிதானமாக. கிழக்குச் சுவர் முதலில் உள்வாங்கியது. அதன் மேல் கூரை படுத்தது. காக்காப் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்று சரிவில் உருண்டன. தூசு எழுந்து, மழையில் நனைந்து அடங்கியது.

உருண்டைக் கோபுரம் மட்டும் தனியாக நின்றது. அதன் அடியிலிருந்த சின்னக் கதவு திறந்து, கையில் சிராய்ப்போடு யுவராஜ் வெளியே வந்தான். அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோகிலா.

பொன்னாயி கடைசித் தலையைத் தொட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

* * *

முதலில் வந்து சேர்ந்தது கோகுல்நாத்தின் ஜீப். சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். கட்டடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளைங்க நனையறாங்க பாருங்க. நம்ம காட்டேஜ் எல்லாம் காலியாத்தான் கிடக்கு. ஏத்துங்க" என்றார். கலைமணி அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலையை மட்டும் அசைத்தார்.

அதற்குள் சுற்றுப்புற ஊர்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். கோகிலாவின் அப்பா சின்னராசு, தோளில் போட்ட சாக்கோடு கூட்டத்தை விலக்கி வந்து மகளின் கையைப் பிடித்தார்.

"வா போலாம். படிச்சது போதும்."

கோகிலா நகரவில்லை.

"அண்ணா" என்றார் கலைமணி. கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னார். "இந்தக் கட்டடத்துல விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும் பிள்ளைங்களை உள்ள வெச்சது நான். உங்க கோபமெல்லாம் என் மேல இருக்கட்டும். இவ படிப்பு மேல காட்டாதீங்க. இவ எங்கூட்டுல இருப்பா. பொன்னாயி கூட இருப்பாங்க. ஒரு வாரம் கழிச்சு வந்து பாருங்க. அப்பவும் கூட்டிட்டுப் போகணும்னு தோணினா, இவகிட்ட கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

சின்னராசு இடிந்து கிடந்த கல்குவியலைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். யுவராஜின் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். மகளின் கையை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"ஒரு வாரம்" என்றார் கடைசியில். சாக்கை எடுத்து மகள் தலையில் போர்த்திவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

இளங்கோ நாகலட்சுமியிடம் வந்தான். "செம்மேடு போலீஸ் ஸ்டேஷன்ல என்னை விட்டுருவீங்களா?"

"விடறேன்."

"இருடா, நானும் வாரேன்" என்றார் கலைமணி.

கார் மேடு ஏறும்போது மழை வைப்பரையும் மீறிக் கண்ணாடியில் வழிந்தது. முன் சீட்டில் யுவராஜ் கைக்குட்டையால் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம்.

"உள்ள போனதும் நான் பேசறேன்" என்றார் கலைமணி. "நீ சும்மா இரு. எழுதச் சொன்னது நான்."

"என் கையெழுத்துக்கா. முதல்ல நான்தான் பேசணும்."

"வயசுல மூத்தவ நான்."

"எஞ்சினியர் நான்."

செம்மேடு வந்து கார் நிற்கும் வரை அந்தச் சண்டை ஓயவில்லை. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.